ஊதா மூடி

அத்தியாயம் 7

சிரிக்க மறுத்த குற்றத்துக்காக ஒரு பெண்ணின் கையிலிருந்து கப்பலைப் பிடுங்க முடியுமா? ரூசே ஆற்றுத் துறைமுகத்தில் முடியும் என்றுதான் தோன்றியது.

யாசென் தன் பழைய டாசியா காரைப் பச்சைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். கேட்டில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பிலிருந்து தொப்பி வைத்த ஒரு மனிதர் அவனைப் பார்த்துச் சிரித்தார். ‘கேப்டன் லூபென். எங்களைப் பிரிந்து ஆறு மாதம். என்றும் மறவாத மனைவி ராய்னா.’ அதற்குக் கீழே, மழையில் நனைந்து ஓரம் சுருண்ட நாற்பதாம் நாள் அறிவிப்பும் அப்படியே இருந்தது.

“அக்கா, இந்த வீட்ல செத்தவர் சிரிக்கிறார். உயிரோட இருக்கறவங்க சிரிக்கலைன்னுதான் கேஸே.”

“இந்த ஜோக்கை உள்ள வந்து சொல்லித் தொலைக்காதே” என்றாள் நெவேனா. “பனிட்சாவை முழுசாச் சாப்ட்டியா?”

“சாப்ட்டேன், சாப்ட்டேன். வேற எதுக்கும் பர்ஸைத் திறக்க மாட்டீங்க. காலையில எனக்குச் சீஸ் வெச்சுச் சுட்ட பனிட்சா மட்டும் தவறாம வந்துடுது. என்ன வேண்டுதலோ!”

நெவேனா கைப்பையை எடுத்துக்கொண்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் காயங்களையும் போலிச் சாவுகளையும் துருவித் துருவிக் கண்டுபிடித்துத் தலை நரைத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் கடை. யாசென் முன்னாள் டாக்ஸி டிரைவர். இந்நாளில் டிரைவர், உதவியாளர், வாய். அவள் இறங்கிக் கதவைச் சாத்தியதும் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினான். வயிற்றுக்கு என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். வயிற்றுக்கு அல்ல.

ராய்னா கதவைத் திறந்தாள். நல்ல உயரம். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“எனக்கு ஆறுதல் வேண்டாம். என் கப்பல் வேணும். நானும் லூபெனும் இருபது வருஷம் மாத்தி மாத்தி ஓட்டின யாந்த்ரா. நாளை மறுநாள் மத்தியானம் விசாரணை. அதுல தோத்தா டைரக்டர் தோன்செவ் தன் மச்சினனை என் நாற்காலியில உக்கார வெச்சுடுவான்.”

“எதுக்காக உங்களை இறக்கறாங்களாம்?” என்றாள் நெவேனா.

“கம்பெனியில புதுசா ஒரு ரத்தப் பரிசோதனை. மூளை வளர்றதுக்கு ஒரு புரதம் இருக்காம். அது ரத்தத்துல குறைஞ்சா மனச்சோர்வாம். பதினஞ்சுக்குக் கீழ போகக் கூடாதாம். மத்த கேப்டன்களுக்கெல்லாம் இருபது, இருபத்தஞ்சு. எனக்கு ரெண்டு.”

“ரெண்டா?” யாசென் வாயைப் பிளந்தான். “என் பழைய டாக்ஸியோட பெட்ரோல் முள்ளே அதைவிட மேல நிக்கும்.”

நெவேனா அவன் காலை மிதித்தாள். ஆனால் ராய்னாவின் உதட்டோரம் ஒரு கணம் துடித்ததை யாசென் பார்த்துவிட்டான். அவன் தொழிலில் அதுதான் சம்பளம்.

“நெஜக் காரணம் என்னன்னா, ஆத்துல தண்ணி வத்தியிருந்த சமயம், மூணு சரக்குப் படகு கட்டித் தள்ள வேண்டிய இடத்துல ஆறு கட்டுன்னான் தோன்செவ். முடியாதுன்னேன். அன்னிக்கே கறுவிக்கிட்டான். இப்போ ரத்தம் சாட்சி சொல்லுதாம், நான் லாயக்கில்லைன்னு.”

“ரத்தம் எடுத்த அன்னிக்கு வித்தியாசமா ஏதாவது நடந்துச்சா?”

“ஒண்ணும் இல்லை. மார்ச் ஒண்ணாந்தேதி. கேண்டீன்ல எல்லாரும் கையில சிவப்பும் வெள்ளையுமா நூல் கட்டிக்கிட்டு ஈன்னு இளிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்த நர்ஸ் தட்டுல அடுக்கியிருந்த கண்ணாடிக் குழாய்ங்களுக்குக்கூடச் சிவப்பு மூடி. என் முறை வந்ததும் என்னை மேலேயும் கீழேயும் பார்த்தா. பையைத் துழாவி ஊதா மூடி போட்ட ஒரு குழாயை எடுத்தா. சவப்பெட்டியில கட்டற ரிப்பன் மாதிரி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ரத்தம்கூட வேற பாத்திரத்துலதானான்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கலை. கேட்டா அழுதிருப்பேன். தோன்செவ் முன்னால நான் அழமாட்டேன்.”

நெவேனா கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“யாசென், வண்டியை எடு.”

“எங்கக்கா?”

“உன் சந்தோஷத்தை அளந்து பார்க்கணும்.”

*

‘ஒரு துளியில் உங்கள் மனம்!’ என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார், துறைமுகக் கம்பெனிக்கு ரத்தம் பார்த்த டாக்டர் ப்ளாமென். வரவேற்பறையில் மீன் தொட்டி, பல் தெரியச் சிரிக்கும் குடும்பப் படங்கள். சோகமாக வருகிறவனை இன்னும் சோகமாக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

நெவேனா தன்னை ஒரு பஸ் கம்பெனி மேனேஜர் என்று கூசாமல் அறிமுகப்படுத்திக்கொண்டாள். டிரைவர்கள் எல்லோரையும் பரிசோதிக்கும் எண்ணம் இருக்கிறது. முதலில் இரண்டு பேரை அனுப்பிப் பார்க்க வேண்டும். “இவன் யாசென். இன்னொருத்தன் பென்யோ, பார்க்கிங் தேடிக்கிட்டிருக்கான். வந்துடுவான்.”

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. “ரொம்ப சிம்பிள் மேடம். செடிக்கு உரம் மாதிரி மூளைக்கு இந்தப் புரதம். உரம் குறைஞ்சா செடி வாடும். மனுஷன் வாடறதை முகத்துல மறைக்கலாம், ரத்தத்துல மறைக்க முடியாது. கேள்வியே கேக்க வேண்டாம். நம்பர் சொல்லிடும்.”

“கேள்வியே வேண்டாமா?” என்றான் யாசென்.

“வேண்டாம். கேள்வி கேட்டா மனுஷன் பொய் சொல்வான்.”

“துறைமுகத்துல நல்லா வேலை செஞ்சுதாமே” என்றாள் நெவேனா. “எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குழாயிலதானே எடுத்தீங்க?”

“சத்தியமா! எல்லாருக்கும் சிவப்பு மூடிதான். ஊதா ஒண்ணுகூடக் கிடையாது.”

“சந்தோஷம்” என்று நெவேனா எழுந்தாள். “ரத்தம் எங்க எடுக்கறாங்க?”

தாழ்வாரத்தில் நடக்கும்போதே யாசென் அவள் காதருகே குனிந்தான். “அக்கா, நீங்க கலரே சொல்லலையே! பச்சை இருக்கு, நீலம் இருக்கு, மஞ்சள் இருக்கு. இந்த ஆள் எதுக்கு ஊதாவைப் பிடிச்சுத் தொங்கறான்?”

“எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு சொன்ன பிள்ளை கதைதான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“அப்போ நர்ஸுக்குக் காசு கொடுத்து ஊதாவுல எடுக்கச் சொல்லியிருக்கான். விடுங்க, நான் பேசறேன். ரெண்டு ஜோக், ஒரு கண்ணடி, எல்லாத்தையும் கக்கிடுவா.”

“கண்ணடிக்கு முன்னால ஊசி இருக்குடா.”

ரத்தம் எடுக்கும் அறையில் இருந்தவள் நர்ஸ் டோட்கா. உருண்டையான, கவலைப்பட்ட முகம். கிராமத்துப் பேச்சு. மணிக்கட்டில் மார்ச் ஒன்றாம் தேதி வசந்தத்துக்காகக் கட்டிய சிவப்பு வெள்ளை நூல். கொக்கு வந்தால்தான், மரம் பூத்தால்தான் கழற்றுவாள். யாசென் கையிலும் அதே நூல், ஆனால் கிரீஸ் பட்டு, வெள்ளை எது சிவப்பு எது என்று தெரியாமல் கிடந்தது.

அவன் சட்டையை மடித்து உட்கார்ந்தான். இப்போது கேட்பாள் என்று காத்திருந்தான். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? போன குளிர்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கேட்டால் என்ன சொல்வது என்று அவனுக்கே தெரியவில்லை. போன குளிர்காலம் முழுக்க அவன் தங்கச்சி வீட்டுப் பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சோறு வைத்த தட்டு ஆறிப்போகும். குளிக்க எழுந்திருப்பது மலையேறுவது போலிருக்கும். அந்த நாட்களில் அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

டோட்கா ஒன்றும் கேட்கவில்லை. ஊசியைக் குத்தி, சிவப்பு மூடிக் குழாயில் ரத்தத்தை நிரப்பினாள்.

“அம்மா,” என்றாள் நெவேனா மெதுவாக, “துறைமுகத்துல கேப்டன் ராய்னாவுக்கு மட்டும் ஊதா எடுத்தீங்களே, அதுக்கு எவ்ளோ கொடுத்தாங்க?”

டோட்காவின் கை நின்றது. அந்த ஊர் வழக்கப்படி மேலும் கீழும் தலையை ஆட்டி இல்லை, இல்லை என்றாள். “காசா? என் பிள்ளைங்க மேல ஆணை, ஒரு பைசா வாங்கலை.”

“அப்புறம் எதுக்கு?”

“அவங்க கறுப்புக் கட்டியிருந்தாங்க.”

யாசெனும் நெவேனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன பார்க்கறீங்க? நீங்களும் இந்த ஊர்தானே?” என்றாள் டோட்கா. “மார்ச் ஒண்ணாந்தேதி துக்க வீட்டுக்காரிக்குச் சிவப்பை நீட்டுவாங்களா? எங்க ஊர்ல சிவப்பு நூலைக்கூட அவங்க கண்ணுல காட்டமாட்டோம். எல்லாரும் சிவப்பும் வெள்ளையுமா இருக்காங்க. அந்தம்மா வந்து கையை நீட்டறாங்க. எனக்குப் பொறுக்கலை. பையில ஊதா இருந்துச்சு. ரத்தம் ரத்தம்தானே, எந்தப் பாத்திரத்துல மொண்டா என்னன்னு எடுத்துட்டேன். சாயங்காலம் மனசு உறுத்தி டாக்டர்கிட்ட சொன்னேன். ‘பரவாயில்லை, வாயை மூடிக்கிட்டு இரு, லேப்ல நான் பேசிக்கறேன்’னார்.”

லஞ்சம் வாங்கிய கையைத் தேடி வந்த இடத்தில் இரக்கப்பட்ட கை இருந்தது. இரக்கம் செய்த தப்பை வன்மம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. யாசெனுக்கு அந்த டாக்டரின் மீன் தொட்டியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

“ரத்தம் ரத்தம்தான்” என்றாள் நெவேனா. “ஆனா எல்லாப் பாத்திரமும் ஒண்ணு இல்லைம்மா. இந்தப் புரதம் ரத்தத்துல இருக்கற சின்னச் சின்ன தட்டணுக்களுக்குள்ள மூட்டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. சிவப்பு மூடிக் குழாயில ரத்தம் உறையும். உறையும்போது மூட்டை அவிழும், நம்பர் ஏறும். ஊதா மூடியில உறையவிடாத மருந்து. மூட்டை அவிழவே அவிழாது. பயில்வானோட ரத்தத்தை அதுல எடுத்தாலும் பாதாளத்துலதான் நிக்கும்.”

“ஐயோ கடவுளே! அந்தம்மாவோட கப்பல்!”

“விசாரணையில வந்து சொல்லுங்க.”

யாசென் கையிலிருந்த ஊசியைப் பிடித்தபடியே டோட்கா தலை குனிந்தாள். “வேலை போயிடும் மேடம். மூணு பிள்ளைங்க. சொல்லமாட்டேன். என்னை விட்டுடுங்க.”

நெவேனா வற்புறுத்தவில்லை. “சரி. ஒரு சின்ன உதவி. ஊசியை எடுக்காதீங்க. அதே கையில ஊதா மூடியிலயும் கொஞ்சம் பிடிங்க. பேர், பென்யோ. டிரைவர். லேப்ல திருப்பி அனுப்பிடாம பார்த்துக்கோங்க.”

“என்னக்கா, ஒரே ஊசியில ரெண்டு ஆளா?” என்றான் யாசென். “சம்பளமும் ரெண்டா வருமா?”

டோட்கா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஊதா மூடிக் குழாயைச் செருகினாள்.

*

விசாரணை துறைமுகக் கேண்டீனில் நடந்தது. அவரைக்காய் சூப் வாசனை இன்னும் போகவில்லை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். துறைமுக அலுவலகத்திலிருந்து வந்த தலைவி, அவளுக்கு இரு பக்கமும் இரண்டு கேப்டன்கள். அதில் வயதானவர் ஸான்கோ. நதியில் அவர் தடவாத மணல்திட்டு கிடையாது என்பார்கள். டைரக்டர் தோன்செவ் வாசனைத் திரவியத்தில் ஊறி வந்திருந்தார். டாக்டர் ப்ளாமெனுக்குப் பின்னால் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டோட்கா. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ராய்னா தனி நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாந்த்ரா கட்டப்பட்டுக் கிடந்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நெவேனா எழுந்தாள். “டாக்டர், என் டிரைவர்கள் ரெண்டு பேரோட முடிவையும் நீங்கதான் அனுப்பினீங்க. கொஞ்சம் எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்களேன்.”

பஸ் கம்பெனி மேனேஜர் இங்கே எப்படி முளைத்தாள் என்று டாக்டர் விழித்தார். ஆனால் கூட்டத்தைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. “யாசென், இருபத்தெட்டு. சிங்கம். இவரை நம்பி எந்த வண்டியையும் கொடுக்கலாம். பென்யோ, ரெண்டே கால். அபாயம். உடனே வண்டியிலேருந்து இறக்கணும்.”

“பென்யோ, எழுந்திரு” என்றாள் நெவேனா.

யாசென் எழுந்தான். “வணக்கம். நான்தான் பென்யோ. யாசெனும் நான்தான். ஒரே கை, ஒரே ஊசி. சிங்கத்தையும் அபாயத்தையும் ஒரே சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு அலையறேன்.”

கேண்டீன் கொல்லென்று சிரித்தது. தலைவி மேஜையைத் தட்டினாள். நெவேனா குழாய் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். சிவப்பு மூடி, ஊதா மூடி, அவிழும் மூட்டை, அவிழாத மூட்டை.

“சுவாரஸ்யமான கதை” என்றார் தோன்செவ். “ஆனா கேப்டன் ராய்னாவுக்கு ஊதாவுல எடுத்தாங்கன்னு யார் பார்த்தது? டாக்டர்?”

“இல்லவே இல்லை. எல்லாருக்கும் சிவப்புதான்.”

நெவேனாவிடம் சாட்சி இல்லை. யாசென் பின்வரிசையைப் பார்த்தான். டோட்காவின் விரல்கள் தன் மணிக்கட்டு நூலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தன. அவன் ஜோக் அடிக்கவில்லை, கண்ணடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றான்.

டோட்கா எழுந்தாள். பெட்டி மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

“நான்தான் எடுத்தேன். ஊதாவுலதான் எடுத்தேன். அவங்க துக்கத்துல இருந்தாங்க, அதனால. டாக்டர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். இப்போ என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, தூக்கித்தான் பாருங்களேன்!”

டாக்டரின் முகம் ஊதா மூடியின் நிறத்துக்கே வந்துவிட்டது. யாசென் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். ஆனால் தோன்செவ் கழுவுற மீனில் நழுவுற மீன்.

“அடடா! மனுஷத் தவறு. யாருக்கும் நடக்கும்” என்று கையை விரித்தார். “இதுல சண்டை எதுக்கு? சிவப்பு மூடி இதோ பெட்டியிலேயே இருக்கு. கேப்டன் இப்பவே கையை நீட்டட்டும். பதினஞ்சுக்கு மேல வந்தா கப்பல் அவங்களுக்கு. வரலைன்னா என் மச்சினனுக்கு. இதைவிட நியாயம் உண்டா?”

தலைவி யோசித்தாள். “நியாயமாத்தான் படுது. கேப்டன்?”

நெவேனாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. யாசெனுக்கும் புரிந்தது. இந்தப் பெண் ஆறு மாதமாக அழுகிறாள். சிவப்பு மூடியிலும் நம்பர் தரையைத் தொட்டால்? அவர்களே வெட்டிய குழியில் அவர்களே விழுவார்கள்.

ராய்னா எழுந்தாள்.

“ஒரு சொட்டு தரமாட்டேன்.”

“பயமா?” என்றார் தோன்செவ்.

“பயமா? நான் அழறேன், தெரியுமா உனக்கு? தினம் அழறேன். சூப்புக்கு ரெண்டு தட்டு எடுத்து வெச்சுட்டு ஒண்ணைத் திரும்பி அலமாரியில வெக்கறேன். அந்தக் கண்ணாலதான் இந்த ஆறு மாசமும் ஓட்டினேன். ஒரு திட்டுல தட்டினேனா? ஒரு கயிறு அறுந்துதா? அதைக் கேளு, பதில் சொல்றேன். என்னை விட்டுட்டு என் ரத்தத்தைப் போய் ஏன் கேக்கறே? நான் என்ன ஊமையா?”

“உணர்ச்சிவசப்படறாங்க” என்றார் டாக்டர், தலைவியின் பக்கம் சாய்ந்து. “பரிசோதனை தப்பில்லை மேடம். சரியான குழாய்னா சரியான விடை. இதோ, இந்த யாசெனையே பாருங்களேன். ஊரையே சிரிக்க வெக்கற மனுஷன். இருபத்தெட்டு. நம்பர் பொய் சொல்லலையே!”

எல்லோரும் யாசெனைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். அவன் என்ன சொல்லிச் சிரிக்க வைக்கப் போகிறான் என்று காத்திருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு உட்காரலாம். ஒருத்தரும் எதுவும் சொல்லப் போவதில்லை. நாளைக்கும் அவன் ஊரின் கோமாளியாகவே இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே யாந்த்ரா. நாற்காலிக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் ஒருத்தி, ஒரு சொட்டுக்கூடத் தரமாட்டேன் என்று நிற்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்தின் மேலேயே கோபம் வந்தது.

அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, மேஜைமேல், டாக்டருக்கு நேர் எதிரே வைத்தான்.

“படிங்க டாக்டர். உங்களுக்குத் தெரிஞ்ச மாத்திரைதான்.”

டாக்டர் படித்தார். படித்துவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

“எனக்கு மனச்சோர்வு” என்றான் யாசென். “டாக்டரே கையெழுத்துப் போட்டு உறுதி பண்ணின நோயாளி இந்த ரூம்ல நான்தான். போன குளிர்காலம் பூரா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என்னைக் கண்டுபிடிச்சது ரத்தம் இல்லை. ஒரு டாக்டரம்மா ஒரு மணி நேரம் உக்காந்து கேள்வி கேட்டாங்க. நான் பொய்தான் சொன்னேன். அந்தப் பொய்யையும் காது கொடுத்துக் கேட்டாங்க. அப்படித்தான் தெரிஞ்சுது. உங்க ஊசி குத்தினப்போ ஒருத்தர் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு சிங்கம்னு பட்டம்!”

“மாத்திரை சாப்பிட்டா அந்தப் புரதம் ஏறும்” என்று டாக்டர் அவசரமாகச் சொன்னார். “அதனாலதான் இருபத்தெட்டு. அது விதிவிலக்கு.”

“அப்படியா? அப்போ இருபத்தஞ்சு வாங்கின கேப்டன்கள்ல எத்தனை பேர் பையில இந்த அட்டை இருக்குன்னு உங்க நம்பருக்குத் தெரியுமா?”

மேஜைக்குப் பின்னால் கேப்டன் ஸான்கோவின் வலது கை தானாக எழுந்து, கோட்டின் உள்பையை மெல்லத் தொட்டுவிட்டு இறங்கியது. யாசென் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை ஸான்கோவும் பார்த்தார். யாசென் கண்ணை நகர்த்திக்கொண்டான். துப்பறிகிறவன் கண்டுபிடிக்கிற எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று சட்டம் இல்லை.

“நோய் இருக்கு. வண்டியும் ஓட்டறேன்” என்றான். “ஒரு கீறல் கிடையாது. சரி, ஒரு கீறல் இருக்கு. அது கம்பத்தோட தப்பு.”

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி வந்தது. ராய்னாவும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறைக்கவில்லை.

தலைவி மாத்திரை அட்டையை யாசெனிடம் திருப்பிக் கொடுத்தாள். மரியாதையாக, இரண்டு கையாலும். பிறகு ராய்னாவைப் பார்த்தாள்.

“கேப்டன், ஒரு கேள்வி. இன்னிக்கு ஆத்துல தண்ணி எப்படி? ஆறு படகு கட்டலாமா?”

“நாலு. அஞ்சாவது கட்டணும்னா டைரக்டரை முன்னால உக்கார வெச்சுக் கட்டுங்க. திட்டுல மோதினா மெத்தையா இருப்பார்.”

“போதும்” என்றாள் தலைவி. “எனக்கு விடை கிடைச்சுடுச்சு. கேப்டன் ராய்னா கப்பலுக்குத் திரும்பலாம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க.”

முதலில் உயர்ந்தது ஸான்கோவின் கை.

*

கப்பல் துறையில் காற்று ஈரமாக அடித்தது. ராய்னா ஏணியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து டோட்கா ஓடி வந்தாள். இனி டாக்டர் வாசலை மிதிக்க வேண்டாம் என்று அவளுக்கு உத்தரவாகியிருந்தது. துறைமுக மருத்துவ அறையில் ஆள் வேண்டும், நாளைக்கு வா என்று தலைவி சொல்லியிருந்தாள். இரண்டையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

“அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. பாவம்னு நெனச்சுத்தான் செஞ்சேன்.”

“தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரம்” என்றாள் ராய்னா. “பாவம் பாவம்னே ஆறு மாசமா என்னைப் பொட்டியில வெச்சுட்டீங்க எல்லாரும்.” அவள் கறுப்புச் சட்டையின் கையை மேலே தள்ளி மணிக்கட்டை நீட்டினாள். “நூல் இருக்கா? கட்டு. சிவப்பு நல்லாத் தெரியற மாதிரிக் கட்டு. லூபென் இருந்தா அவர்தான் கட்டுவார். ஊர் என்ன சொல்லும்னா, சொல்லட்டும்.”

டோட்கா தன் கையிலிருந்த நூலையே அவிழ்த்தாள். கொக்கு இன்னும் வரவில்லை, மரம் இன்னும் பூக்கவில்லை. இரண்டு பேருமே அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

யாந்த்ரா சங்கு ஊதிக்கொண்டு நடு ஆற்றுக்குத் திரும்பியது. நாலு படகு. யாசென் டாசியாவின் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெவேனா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கேட்பதற்கு முன்னால் அவனே ஆரம்பித்தான்.

“அக்கா, வயித்துக்குன்னு பொய் சொன்னேன். வேலையை விட்டு எடுக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

“இருபது வருஷம் பொய்க் காயம் பிடிச்சவடா நான். நீ வேலைக்கு வந்த முதல் வாரமே அட்டையைப் பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் கேக்கலை?”

“நீ சொல்றதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்.” அவள் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். “வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு அந்த அட்டையிலேயே எழுதியிருக்கு. பின்ன எதுக்கு உனக்கு தினமும் பனிட்சா வாங்கறேன்னு நெனச்சே?”

யாசெனுக்கு அதற்கு ஒரு ஜோக் தோன்றியது. நல்ல ஜோக்தான். சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.